நிக்காத பஸ்ஸும் மாத்தளை சிஸ்டர்ஸும்

பலாபத்வலக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் பாடத் தெரியாதவர்கள் என்று யாரும் இல்லை. அட்டை கடிப்பது தெரியாமல் இருக்கப் பாடுகிறவர்கள் உண்டு. தூக்கம் வராமல் இருக்கப் பாடுகிறவர்கள் உண்டு. முத்துவீரனின் மகள் பாப்பம்மா பாடியது கங்காணிக்காக. மேட்டில் நின்று பால் வெட்டுவாள். கீழே பாதையில் கங்காணியின் குடை தெரிந்ததும் மெட்டை மாற்றிவிடுவாள். பள்ளத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எழும்பி ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் குரல் இரண்டு மலைக்குக் கேட்கும். கங்காணியும் அதை மெச்சிக்கொண்டுதான் வருவார். தான் வருகிறபோதெல்லாம் இந்தப் பிள்ளை ஒரே மெட்டைப் பாடுகிறதே என்று மட்டும் அவருக்கு ஒரு சின்ன யோசனை இருந்தது.

எழுபத்தெட்டில் பாப்பம்மாவுக்கு இருபத்தொரு வயது. தைக்கத் தெரிந்த பெண்ணை மலைக்குக் கீழே கட்டிக்கொடுக்கலாம் என்று அவளுடைய அம்மா கேள்விப்பட்டாள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்தளை டவுனில் நடந்த தையல் வகுப்புக்கு அவளை அனுப்பினார்கள். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு மண்டபம். அதில் பதினொரு மெஷின். பாப்பம்மாவுக்கு நடு மெஷின் கிடைத்தது.

இடது பக்கத்து மெஷின் ஸைனம்புவுடையது. அவளுடைய வாப்பா பதுர்தீன், திருகோணமலை வீதியில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தார். வலது பக்கத்தில் சுசீலாதேவி. யாழ்ப்பாணத்துக்காரி. அப்பா ஆறுமுகநாதன் கச்சேரியில் வேலை என்று அவள் சொன்னதும், பாப்பம்மா அவரைப் பெரிய வித்துவான் என்று நினைத்துக்கொண்டாள். அது அரசாங்கக் காரியாலயத்தின் பெயர் என்றும், அப்பா அங்கே காணி உறுதிகளைப் பார்க்கிற கிளார்க் என்றும் தெரியவர மூன்று வாரம் சென்றது. ஆனாலும் சுசீலாதேவி வயலின் படித்தவள்தான். அந்த வகையில் பாப்பம்மா நினைத்தது முழுப் பிழையும் இல்லை.

வகுப்பில் கதைக்கக் கூடாது என்பது டீச்சரின் சட்டம். பாடக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆகவே மூன்று பேரும் கதைக்க வேண்டியதையெல்லாம் பாடினார்கள். நூல் வேண்டும் என்றாலும் பாட்டு, ஊசி முறிந்தாலும் பாட்டு. மெஷின் மிதிக்கிற சத்தம் தாளத்துக்கு இருந்தது. டீச்சருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் தன் சட்டத்தைத் தானே மாற்றினால் மரியாதை போய்விடும் என்று பேசாமல் இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பம்மா ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தாள். தோட்டத்துச் சந்தியில் நின்று கை காட்டிய ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை. பஸ்காரர்களுக்கு ரப்பர் பால் மணம் ஆகாது. தோட்டத்து ஆட்கள் நிற்பதைக் கண்டால் டிரைவர் மற்றப் பக்கத்து வயலை ரசிக்கத் தொடங்கிவிடுவார். அவள் நடந்தே வந்திருந்தாள்.

"ஏன் லேட்டு?" என்றாள் டீச்சர்.

வகுப்பில் கதைக்கக் கூடாதே. பாப்பம்மா நின்ற இடத்திலிருந்து பாடினாள்.

*கை காட்டினேன் நிக்கலயே,*
*கண்ணு கூட வைக்கலயே,*
*பின் சீட்டுல எடமிருக்கு,*
*பேசாமத்தான் போறதென்ன?*
*போ போ போ...*
*போயிட்டு வா, நான் இங்கதான்!*

கடைசி வரியை அவள் நக்கலாகத்தான் பாடினாள். போன பஸ் திரும்பவும் அதே ரோட்டால்தானே வர வேண்டும், வரட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்பது அதன் பொருள். ஸைனம்பு 'போ போ போ'வைப் பிடித்துக்கொண்டாள். சுசீலாதேவி இரண்டு சுரம் மேலே ஏறி நின்றாள். பதினொரு மெஷினும் மிதிபட்டன. மகளைக் கூட்டிப்போக வந்த பதுர்தீன் ஜன்னலுக்கு வெளியே குடையை விரித்தபடி நின்றார். மழை இல்லை, விரித்த குடையை மடக்க மறந்துவிட்டார்.

"இத ரெக்கோட் போடணும்" என்றார் உள்ளே வந்து.

பதுர்தீன் அதுவரை ரெக்கோட் எதுவும் போட்டவர் இல்லை. உடைந்த ரேடியோவை ஒட்டத் தெரியும், கொழும்பில் ஒரு ஒலிப்பதிவுக்காரரைத் தெரியும், அவ்வளவுதான். மூன்று வீட்டிலும் சம்மதம் வாங்குவதுதான் பெரும் பாடாகப் போயிற்று. ஸைனம்புவின் உம்மா, "பொம்புளப் புள்ள பாட்டுப் படிச்சா யாரு கலியாணம் முடிக்கிற?" என்று கேட்டாள். பதுர்தீன் யோசித்து ஒரு வழி கண்டார். குரல் மட்டும் இருக்கும். பெயரும் இருக்காது, படமும் இருக்காது. ஆறுமுகநாதனுக்கு வேறு கவலை. பாட்டு எந்த ராகத்திலும் இல்லை என்றார் அவர். சுசீலாதேவி வயலினை எடுத்து, அது ஒரு ராகத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது என்று வாசித்துக் காட்டினாள். "கிட்டத்தட்ட எண்டால் அது ராகம் இல்லை, பிள்ளை" என்றார். இசைத்தட்டின் மறுபக்கத்தில் அவளுடைய வயலின் கீர்த்தனை ஒன்று வரும் என்ற நிபந்தனையில் கையெழுத்துப் போட்டார். பாப்பம்மாவின் அப்பா முத்துவீரன், "ஞாயித்துக்கெழமையா, வேல நாளா?" என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றதும் முகம் கழுவப் போய்விட்டார்.

எழுபத்தொன்பது மார்ச்சில் மாத்தளை ஸ்டேஷனில் கோச்சி ஏறிக் கொழும்புக்குப் போனார்கள். அறை நாலு மணி வரைக்கும்தான் அவர்களுடையது. அதன் பிறகு பைலா என்கிற ஆட்டப் பாட்டுப் பாடும் ஒரு சிங்களக் கோஷ்டிக்கு. கோஷ்டிக்காரர்கள் இரண்டு மணிக்கே வந்து வாங்கில் உட்கார்ந்துவிட்டார்கள். கை சும்மா இருக்காமல் ஒருவர் கொங்கோவைத் தட்டினார், ஒருவர் மின்சாரக் கிட்டாரை மாட்டினார். மாத்தளையில் தையல் மெஷின் தாளத்தில் பிறந்த பாட்டு அங்கே பைலாத் தாளத்துக்கு வந்தது இப்படித்தான். யாரும் திட்டம் போடவில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் பதிவு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அந்தக் கிட்டார்காரர் தடித்த கம்பியை ஓங்கி ஒரு இழு இழுத்தார். பாப்பம்மா அப்படியொரு சத்தத்தை வாழ்நாளில் கேட்டதில்லை. வயிற்றுக்குள் யாரோ கதவைத் தட்டியது போல இருந்தது. வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். கொங்கோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பக்கத்தில் நின்ற ஸைனம்பு பதறிப்போய், ரகசியம் சொல்வது போல, "பாப்பம்மா, பாடு!" என்றாள். பாப்பம்மா பாடினாள்.

ரகசியமாகச் சொன்னது தட்டில் தெளிவாக விழுந்துவிட்டது. திரும்பப் பதிய நேரம் இல்லை. பைலாக் கோஷ்டித் தலைவர் மணிக்கூட்டைக் காட்டினார்.

"இது பழுது" என்றாள் சுசீலாதேவி அழாத குறையாக.

"பரவால்ல மகள். யாரு அவ்வளவு கவனமாக் கேக்கப்போற?" என்றார் பதுர்தீன்.

முந்நூறு சின்னத் தட்டு அடித்தார்கள். மேலுறையில் 'தி மாத்தளை சிஸ்டர்ஸ்' என்று போட்டிருந்தது. ஒருத்திக்கு ஒருத்தி சிஸ்டர் இல்லை என்றாலும் பதுர்தீனுக்கு அந்தப் பெயர் காதுக்கு நன்றாக இருந்தது. படத்தில் இடது ஓரம் சுசீலாதேவி, வலது ஓரம் பாப்பம்மா, நடுவில் ஸைனம்பு நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ரோசாப்பூ. பூ, முகங்களை விடப் பெரிதாக இருந்தது.

பாட்டு எடுபடவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளில், அதுதான் லயத்தில், ஒன்பது குடும்பம் தட்டு வாங்கியது. அதைப் போடுகிற பெட்டி ஒரு வீட்டிலும் இல்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். வானொலியில் இரண்டு தடவை போட்டார்களாம். ஒரு தடவை பாப்பம்மா மலையில் இருந்தாள். மற்றத் தடவை லயத்து ரேடியோவில் பேட்டரி தீர்ந்திருந்தது. அடுத்த மாதமே அவளுக்குக் கலியாணமும் ஆகிவிட்டது. மாப்பிள்ளை செல்லச்சாமி, மலைக்குக் கீழே இல்லை, பக்கத்து லயம். பாட்டைப் பற்றி அவனிடம் கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த பஸ்ஸு நிக்குமே" என்றான். அவன் ஆம்பிளை, தனியாக நின்றால் சில நாளைக்கு நிற்கும்.

பதுர்தீனின் கடைக்குள் மிச்சத் தட்டுகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் கெசட் வந்தது. அவர் ரேடியோ திருத்துவதைக் குறைத்துக்கொண்டு, சனங்கள் கேட்கிற சினிமாப் பாட்டுகளைக் கெசட்டில் அடித்துக் கொடுக்கிற ரெக்கோடிங் பார் ஆக்கினார். ஒரு பக்கத்தில் ஏழு பாட்டு போட்டால் கடைசியில் மூன்று நிமிடம் வெறுமையாக மிஞ்சும். பதுர்தீன் வெறுமையைப் பொறுக்காத மனிதர். அந்த மூன்று நிமிடத்தில், யாரையும் கேட்காமல், மாத்தளை சிஸ்டர்ஸை அடித்துவிடுவார். பக்திப் பாட்டுக் கெசட்டிலும் கடைசியில் பஸ் வரும். கலியாண நாதஸ்வரக் கெசட்டிலும் வரும். சண்டைக்கு வந்த வாடிக்கையாளர்களிடம், "அது சும்மா தந்தது. வேணாமெண்டா கேக்காம வுடுங்க" என்பார்.

உலகம் முழுதும் போன பாட்டு அந்த மூன்று நிமிடத்தில் உட்கார்ந்துதான் போனது.

முதலில் போனது இந்தியாவுக்கு. தோட்டத்து ஆட்களுக்கு அப்போது இரண்டு நாட்டிலும் பிரஜாவுரிமை இல்லை; பாப்பம்மாவின் அண்ணன் அழகமுத்து இந்தியப் பிரஜையாக எழுதிக் கொடுத்திருந்தான். முத்துவீரன் சிலோனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். எண்பதாம் ஆண்டு அண்ணன் குடும்பம் மூட்டையைக் கட்டியது. சனங்கள் அழுது அழுது 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வாங்கிக்கொண்ட ரயிலில் தலைமன்னாருக்குப் போனான். மடியில் ஒரு கெசட் ரேடியோ. அதற்குள் பதுர்தீன் அடித்த கெசட். பயணம் அனுப்ப வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள், பாப்பம்மாவும்தான். ரயில் நகர்ந்தபோது கெசட்டின் முதற்பக்கம் முடிகிற நேரம். ஜன்னலுக்குள்ளிருந்து அவளுடைய சொந்தக் குரலே, 'போயிட்டு வா, நான் இங்கதான்' என்று சொல்லிக்கொண்டு போனது. நக்கலாகப் பாடியது அன்றைக்கு நக்கலாகக் கேட்கவில்லை. "அத அமத்துண்ணே!" என்று அவள் கத்தினாள். அழகமுத்துவுக்குக் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்துக் கூடலூரிலிருந்து கடிதம் போட்டான். கம்பளி இல்லாமல் குளிர் தாங்க முடியவில்லை, வீடு இன்னும் கட்டித் தரவில்லை, பாட்டு இங்கே எல்லோருக்கும் மனப்பாடம் என்று எழுதியிருந்தான்.

பிறகு வளைகுடாவுக்குப் போன பெண்கள் கொண்டுபோனார்கள். குவைத்தில் ஒரு வீட்டுக் குசினியில் இந்தப் பாட்டைக் கேட்டு எஜமானியின் பிள்ளைகள் சோறு தின்றதாக ஒருத்தி வந்து சொன்னாள். பதுர்தீன் சந்தோசப்பட்டார். பாப்பம்மா, "தின்னா சரிதான்" என்றாள்.

எண்பத்துமூன்று ஆடியில் திருகோணமலை வீதி எரிந்தது. பதுர்தீனின் கடையை யாரும் தொடவில்லை. ஆனால் பக்கத்துக் கடைகள் தமிழ் ஆட்களுடையவை. நெருப்புக்கு அந்தக் கணக்குத் தெரியாது. கூரை இறங்கிவிட்டது. மிச்சமிருந்த தட்டுப் பெட்டிகளை மூன்றாம் நாள் போய்த் திறந்து பார்த்தார். இருநூற்றுச் சொச்சம் தட்டும் உருகி ஒரே தட்டாக இருந்தது.

பாப்பம்மாவும் செல்லச்சாமியும் இரண்டு பகல் கொக்கோக் காட்டுக்குள் ஒளிந்திருந்துவிட்டு, லயம் இல்லை என்று தெரிந்ததும் பள்ளிக்கூட முகாமுக்குப் போனார்கள். அங்கே ஐந்தாம் வகுப்பு அறையில், கரும்பலகைக்குக் கீழே, சுசீலாதேவி அம்மாவுடனும் அப்பாவுடனும் உட்கார்ந்திருந்தாள். வயலின் இல்லை. ஆறுமுகநாதன் ஒரு சாரத்தோடு இருந்தார். பாப்பம்மா அவரை அதற்கு முன்னால் நீளக் காற்சட்டை இல்லாமல் பார்த்ததில்லை. அதனால் முதலில் வேறு பக்கம் பார்த்தாள்.

பதினொரு நாள் ஒரே அறையில் இருந்தார்கள். ஒரு பின்னேரம் யாரோ ஒரு பெண், "நீங்கதானே அந்தப் பாட்டு? புள்ள அழுவுது, கொஞ்சம் பாடுங்களேன்" என்றாள். இரண்டு பேரும் மெல்லிய குரலில் பாடினார்கள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால், பழக்கத்தில், இருவரும் நிறுத்தினார்கள். அந்த இடத்தில் பேச வேண்டியவள் முகாமில் இல்லை. கொஞ்சம் பொறுத்து, மூலையில் படுத்திருந்த ஆறுமுகநாதன் சுவரைப் பார்த்தபடியே, "பாப்பம்மா, பாடு" என்றார். ராகம் இல்லாத பாட்டை அவர் முழுக்கத் தெரிந்துவைத்திருந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

பன்னிரண்டாம் நாள் யாழ்ப்பாணத்துக்கு ஆள் ஏற்ற பஸ் வந்தது. அன்றைக்கு பஸ் நின்றது. வாசலிலேயே நின்றது. பெயர்ப் பட்டியலில் சுசீலாதேவி குடும்பம் இருந்தது. பாப்பம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் யாரும் இல்லை.

"நீரும் வாருமன், பாப்பம்மா" என்றாள் சுசீலாதேவி.

"நான் அங்க வந்து என்னாத்த வெட்டுறது? பனைமரத்துல பால் வருமா?"

"கள்ளு வரும்" என்றார் ஆறுமுகநாதன். அவர் சொன்ன ஒரே பகிடி அதுதான் என்று சுசீலாதேவி பிற்காலத்தில் சொல்வாள்.

அதன் பிறகு இருபத்தாறு வருடம் அவர்கள் ஒருவரை ஒருவர் காணவில்லை.

பாப்பம்மாவின் வாழ்க்கை பழைய தடத்திலேயே போனது. லயத்துக்குத் தகரம் போட்டார்கள். ரப்பர் மரம் கிழடாகிப் போனதும் அவளை மிளகுக்கு மாற்றினார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து கொழும்பில் கார்மென்ட் வேலைக்குப் போனார்கள். எண்பத்தொன்பதில் டவுனில் கடை திறந்தால் சுடுவோம் என்று ஒரு கூட்டம் சொன்னது, மூடினால் பூட்டை உடைப்போம் என்று மற்றக் கூட்டம் சொன்னது. பதுர்தீன் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு தப்பினார். தொண்ணூற்றி நாலில் அவர் சாதாரணமாக, படுக்கையில், வயதாகி மௌத்தானார். அந்தக் காலத்தில் அது ஊர் பேசுகிற செய்தி. கடையை ஸைனம்பு எடுத்து நடத்தினாள். அவளுக்கும் கலியாணம் ஆகியிருந்தது; மாப்பிள்ளை கட்டாரில். உம்மா பயந்தது நடக்கவில்லை, ஏனென்றால் உம்மா யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே நடந்தது பாப்பம்மாவுக்குத் தெரியாது. நாட்டை விட்டுப் போனவர்கள் போகிற பெட்டியில் நாலு உடுப்பு, இரண்டு படம், ஒரு கெசட் வைத்தார்கள். சினிமாப் பாட்டு எந்த நாட்டிலும் வாங்கலாம். கடைசி மூன்று நிமிடம் மட்டும் வேறெங்கும் கிடைக்கவில்லை. பெர்லினில், ஒஸ்லோவில், டொரன்டோவில் சனங்கள் அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தார்கள். விசா மறுத்த நாட்டைப் பற்றிய பாட்டு என்றார்கள் சிலர். விட்டுவந்த ஊரே கூப்பிடுகிறது என்றார்கள் சிலர். பஸ் என்பது சரித்திரம் என்று லண்டனில் ஒரு பேராசிரியர் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதினார். கலியாண மண்டபங்களில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் பாட்டு நிற்கும், அறுநூறு பேர் சேர்ந்து, "பாப்பம்மா, பாடு!" என்று கத்துவார்கள். அதைக் கத்துவதற்காகவே கலியாணத்துக்கு வருகிறவர்கள் இருந்தார்கள்.

அப்புறம் மார்செய் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை. பின்னால் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நெடுங்கேணிப் பெடியன் ஒருவன் இதைப் போட்டுக்கொண்டே கழுவுவான். முதலாளியின் மகள் இசைத்தட்டு ஓட்டுகிற தொழில் பழகியவள். 'போ போ போ'வையும் ஸைனம்புவின் ரகசியத்தையும் வெட்டி எடுத்து, அடியில் பெரிய மேளச் சத்தம் ஒன்றை வைத்தாள். இரண்டாயிரமாம் ஆண்டு கோடைகாலத்தில் பத்தொன்பது நாட்டில் அதற்கு ஆடினார்கள். பிரேசிலில் 'பாப்பம்மா' என்பது ஒரு ஆட்டத்தின் பெயர் என்று நினைத்தார்கள். இடுப்பைப் பின்னால் தள்ளிக் கையைக் காட்டுவது அந்த ஆட்டம்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், 'மாத்தளை சிஸ்டர்ஸ், மாத்தளை, சிலோன்' என்ற விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. தபால்காரர் விசாரித்து விசாரித்து ஸைனம்புவின் கடைக்குக் கொண்டுவந்தார். பிரெஞ்சு. மாத்தளையில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர் யாரும் அகப்படவில்லை. முத்திரை வடிவாக இருந்ததால் ஸைனம்பு அதை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். பக்கத்தில் கஃபா படம்.

பாப்பம்மாவுக்கு விஷயம் தெரியவந்தது இரண்டாயிரத்து ஏழில். அவளுக்கு அப்போது அடையாள அட்டை கிடைத்து மூன்று வருடம். நாற்பத்தேழு வயதில் பிரஜை ஆனவள் என்பதால் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைக் கைக்குட்டையில் சுற்றி, அதை இன்னொரு பையில் வைத்திருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை மாத்தளைக்குப் போகிற பஸ்ஸை ரோட்டில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அவள் வரிசையில் நின்று ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இளம் பொலிஸ்காரர் ஒருவர் பொறுமையில்லாமல் கையை நீட்டியபடி நின்றார். அப்போது அவருடைய ஃபோன் அடித்தது.

*போ போ போ... போ போ போ...*

அடியில் பெரிய மேளம். மேலே அவளுடைய இருபத்திரண்டு வயதுக் குரல். பாப்பம்மா சிரித்துவிட்டாள்.

சோதனைச் சாவடியில் சிரிக்கக் கூடாது. பொலிஸ்காரரின் முகம் மாறியது. "என்ன சிரிப்பு?" என்றார் சிங்களத்தில்.

"அது நான்தான், மாத்தயா" என்றாள் அவளும் சிங்களத்தில்.

"எது?"

"ஃபோன்ல பாடுறது."

"இது பிரெஞ்சுப் பாட்டு."

"இல்லீங்க. நம்ம பாட்டு. இந்த ரோட்டுல போற பஸ்ஸப் பத்தினது."

சார்ஜன்ட் வந்தார். விஷயத்தைக் கேட்டார். சந்தேகமான ஆட்களிடம் கேட்கிற கேள்விகள் அவரிடம் ஒரு பட்டியலாக இருந்தன. இதற்கு அதில் இடம் இல்லை. கடைசியில், "அப்படியென்றால் பாடு, பார்ப்போம்" என்றார். பாப்பம்மா அவிழ்த்தெடுத்த அட்டையை இளம் பொலிஸ்காரரின் கையில் கொடுத்து, பையைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ரோட்டு ஓரத்தில் நின்று பாடினாள். ஐம்பது வயதிலும் குரல் இரண்டு மலைக்குக் கேட்டது. மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த சனங்கள் அப்படியே நின்றார்கள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"பாபம்மா பாது!" என்றார் இளம் பொலிஸ்காரர். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு கையிலிருந்த அடையாள அட்டையைப் பார்த்தார். சிங்கள எழுத்தில் போட்டிருந்த பெயரை ஒருமுறை மனதுக்குள் வாசித்தார். பிறகு உரக்க வாசித்தார். அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

சார்ஜன்ட் அவளை ஒரு வாங்கில் உட்காரச் சொன்னார். இளம் பொலிஸ்காரர் குருநாகலில் இருக்கிற மனைவிக்கு ஃபோன் எடுத்து, அவளை இன்னொரு தடவை பாடவைத்தார். மற்றவர்களின் மூட்டைகளை வழக்கம் போல அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸை விட்டார்கள்.

பாப்பம்மா நேராக ஸைனம்புவின் கடைக்குப் போனாள். கடையில் இப்போது ஃபோன் அட்டையும், ஃபோனில் ஏற்றிக் கொடுக்கிற மணிச்சத்தமும்தான் வியாபாரம்.

"ஸைனம்பு, நம்ம பாட்டு போலீஸ்காரன் ஃபோன்ல கேக்குதுடி!"

"தெரியும். நான்தான் அவனுக்கு ஏத்திக் குடுத்த. ரெண்டு வருசமா ஏத்திக் குடுக்கிறன்."

"ரெண்டு வருசமாவா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

ஸைனம்பு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "சொன்னா நீ ஊரெல்லாம் சொல்லுவாய். அந்தக் குரல் நானெண்டு என்ட மாப்பிளக்கித் தெரியாதே. அவர் போனவாட்டி வந்த நேரம், அவர்ட ஃபோனுக்கும் அதத்தான் ஏத்திக் கேட்டார்."

"நீ என்ன செஞ்ச?"

"ஏத்திக் குடுத்தன்."

பாப்பம்மாவுக்குக் கோபம் வந்தது. கோபம் ஸைனம்பு மேல் இல்லை. இத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே என்ற கோபம். பக்கத்துக் கடையில் ஒரு பிளேன் டீ வாங்கி வந்து குடித்தாள். குடித்து முடிக்கையில் கோபம் போய், வெட்கம் வந்தது. பிரேசிலில் இடுப்பைத் தள்ளுகிற விஷயத்தை ஸைனம்பு சொல்லக் கேட்டதும் வெட்கமும் போய்விட்டது.

யுத்தம் முடிந்த வருடம், புரட்டாதியில், சுசீலாதேவி மொன்ட்றியலிலிருந்து வந்தாள். நரைத்த முடி, கறுப்புக் கண்ணாடி, தோளில் வயலின் பெட்டி. அங்கே அறுபது பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பிக்கிறாள். சுத்தமான கர்நாடக சங்கீத டீச்சர் என்று பெயர் எடுத்துவிட்டதால், மாத்தளை சிஸ்டர்ஸில் தானும் ஒருத்தி என்று இருபது வருடமாக வாயே திறக்கவில்லை. மாணவி ஒருத்தி எங்கேயோ பழைய மேலுறையைக் கண்டுபிடித்து, "டீச்சர், இந்த ரோசாப்பூவுக்குப் பக்கத்தில நிக்கிறது நீங்களோ?" என்று கேட்டபிறகுதான் ஒத்துக்கொண்டாளாம். அன்றைக்கே நாற்பது பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். ஆறுமுகநாதன் மொன்ட்றியலிலேயே காலமாகியிருந்தார்.

மூன்று பேரும் கடையில் கொஞ்ச நேரம் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இருந்தார்கள். கடைசியில் சுசீலாதேவி மேசைக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தாள்.

"இது என்ன கடிதம்?"

"வடிவான முத்திரையெண்டு வெச்ச" என்றாள் ஸைனம்பு.

சுசீலாதேவி கண்ணாடியைத் தூக்கச் சொல்லி, கடிதத்தை எடுத்து, கஃபா படத்தோடு ஒட்டியிருந்த மூலையை மெல்லப் பிரித்து, மொன்ட்றியலில் பழகிய பிரெஞ்சை வைத்து மூன்று தரம் வாசித்தாள்.

"உங்கட பாட்டைப் பாவிக்க விரும்புறம், மூண்டு மாதத்துக்குள்ள பதில் வராட்டில் சம்மதம் எண்டு எடுப்பம் எண்டு எழுதியிருக்கு."

"எப்ப வந்த கடிதம்?" என்றாள் பாப்பம்மா.

"ஒம்பது வருசம்."

"அப்ப சம்மதந்தான்" என்றாள் பாப்பம்மா.

ஸைனம்பு, முத்திரைப் பக்கம் தெரிகிற மாதிரி கடிதத்தைத் திரும்பக் கீழே வைத்தாள். சுசீலாதேவி வழக்கறிஞரைப் பிடிக்கலாம் என்றாள். மற்ற இருவரும் அதைவிட ஒரு நல்ல யோசனை சொன்னார்கள். பாப்பம்மாவிடம் இரண்டாவது பாட்டு ஒன்று இருந்தது. மிளகு காயப்போட்ட நாளில் மழை வந்து, அள்ளி முடிக்க வெயில் வந்து, திரும்பப் பரப்ப மழை வந்த கதை. பதினான்கு வருடமாக வெட்டித் திருத்தி ஆறு சரணமாக்கி வைத்திருந்தாள். கடையின் பின்னறையில், கம்ப்யூட்டரில், கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தார்கள். யாரும் மறக்கவில்லை, யாரும் ரகசியம் பேசவில்லை, சுசீலாதேவி வாசித்தது சந்தேகத்துக்கு இடமில்லாத ராகம். ஸைனம்பு தன் பெயரைப் போடச் சொன்னாள். மாப்பிள்ளையிடம் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டதற்கு, "கேட்டா சொல்லுவன்" என்றாள்.

இணையத்தில் ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் அறுபத்துநாலு பேர் கேட்டார்கள். அதில் முக்கால்வாசி சுசீலாதேவியின் மாணவர்கள், மார்க் கிடைக்கும் என்று கேட்டவர்கள்.

மார்கழியில் கனடாத் தமிழ் வானொலி ஒன்றிலிருந்து ஸைனம்புவின் கடைக்குப் ஃபோன் எடுத்து, பாப்பம்மாவை நேரலையில் பேட்டி கண்டார்கள்.

"அம்மா, உங்கட பாட்டு உலகம் முழுக்க வெற்றி பெற்ற அந்த நேரம் நீங்க எப்பிடி உணர்ந்தீங்க?"

"தெரியலீங்க. மெளகு புடுங்கிக்கிட்டு இருந்திருப்பேன்."

"அந்த பஸ் உண்மையில எதைக் குறிக்குது, அம்மா? சனம் இங்க நிறையச் சொல்லுது."

"பஸ்ஸத்தாங்க. செவப்பு பஸ்ஸு. நம்பரு கூட ஞாபகம் இருக்கு, சொல்லவா?"

வேண்டாம் என்று அறிவிப்பாளர் அவசரமாகச் சொல்லிவிட்டு, நேயர்களுக்காக அந்தப் பாட்டில் இரண்டு வரி பாட முடியுமா என்று கேட்டார். பாப்பம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, மிளகுப் பாட்டைத் தொடங்கினாள். முதல் சரணம், இரண்டாவது சரணம். நடுவில் அறிவிப்பாளர், "அம்மா, அம்மா" என்றது அவள் காதில் விழுந்தது. ரசிக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். நாலாவது சரணத்தில் லைன் போய்விட்டது. பாப்பம்மா அதை ஆறாவது சரணம் முடித்த பிறகுதான் கவனித்தாள்.